பதிமூன்றாவது தட்டு

அந்த முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு பேர். யார் யார் சாப்பிட்டார்கள் என்று குமாஸ்தா தினமும் கணினியில் டிக் போட்டு வைப்பாள். பெயர்கள் மேலிருந்து கீழாக, தேதிகள் குறுக்காக.

"பார்த்தாலே கண்ணைக் கட்டுது. பேரெல்லாம் மேல வர்ற மாதிரி திருப்பிப் போடும்மா" என்றார் மேலாளர்.

திருப்பிப் போட்டாள். பன்னிரண்டு வரிசைகள் பதிமூன்று பத்திகளாயின. கடைசிப் பத்திக்குப் பெயர் இல்லை. ஒரு நாள் விடாமல் டிக் மட்டும் இருந்தது.

சமையல்காரரிடம் போய்க் கேட்டாள்.

"நீங்க அனுப்புற கம்ப்யூட்டர் சீட்டுல மொத்தம் பதிமூணுன்னுதானே இருக்கு? தினமும் பதிமூணு தட்டு போகுது. ஒண்ணு மட்டும் கழுவியே திரும்பி வருது. யாரோ நல்ல மனுஷன்."

"நல்ல கூத்துதான்" என்று முணுமுணுத்தபடி அந்தப் பத்தியை அழித்தாள். மதியத்துக்குப் பன்னிரண்டு என்று சீட்டு அனுப்பினாள்.

பன்னிரண்டு தட்டுகள் போயின, பன்னிரண்டும் திரும்பின. ஒன்று கழுவியிருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தாள். எல்லோரும் எழுந்து போயிருக்க, அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரான ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் பசியோடு உட்கார்ந்திருந்தார்.

"பக்கத்துல இருக்கறவருக்கு வந்துருச்சும்மா. எனக்குத்தான் இன்னும் வரல."

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதன் எதிரே மேசைமேல் பதிந்த ஈரக் கைத்தடம் இன்னும் காயவில்லை.