சின்ன பிளேயரின் கண்

இருபது கிலோ எடையுள்ள ஒரு விலையுயர்ந்த சிடி பிளேயருக்கு வயதான காலத்தில் பார்வை போய்விட்டது. எந்தத் தட்டைப் போட்டாலும் சற்று நேரம் சுழற்றிவிட்டு, "டிஸ்க் இல்லை" என்றது. சொந்தக்காரர் பரந்தாமன் அதை மெக்கானிக் இருதயராஜிடம் தூக்கிக்கொண்டு போனார்.

மேஜையில் அதன் பக்கத்தில் ஒரு மலிவான பிளாஸ்டிக் பிளேயர் கிடந்தது.

"என்னண்ணே, கண்ணு தெரியலையா?" என்று கேட்டது.

"என் கண்ணுக்கு என்ன? இப்ப வர்ற தட்டுங்கதான் சரியில்லை. நீ தள்ளிப் படு" என்றது பெரியது.

இருதயராஜ் அதைத் திறந்து பார்த்தார். "லென்ஸ் போயிடுச்சு சார். இதுக்குப் புதுசு வர்றதில்லை."

"அப்ப காயலான் கடைக்குத்தான்" என்றார் பரந்தாமன்.

பெரிய பிளேயர் நடுங்கிப்போயிற்று.

"பயப்படாதீங்கண்ணே" என்றது சின்னது. "எனக்கு மோட்டார்தான் போச்சு. கண்ணு நல்லாத்தான் இருக்கு. எடுத்துக்குங்க."

இருதயராஜுக்கும் அதே யோசனை வந்தது. சின்னதைத் திறந்தார். "ரெண்டுக்கும் ஒரே லென்ஸ்தான் சார்!" என்று சிரித்தார். அதைக் கழற்றிப் பெரியதில் பொருத்தி ஒரு தட்டைப் போட்டதும் பாட்டு கணீரென்று வந்தது. கண்ணில்லாத சின்னது அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தது. பெரியது திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பியது.

வீட்டில் அலமாரியில் பக்கத்திலிருந்த ஆம்ப்ளிஃபயர் கவலையோடு விசாரித்தது.

"இத்தனை நாளா உங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. கொஞ்சம் ஓய்வு தேவைப்பட்டது" என்றது பெரிய பிளேயர்.