பொருளாளர் நாற்காலி

பொருளாளர் நாற்காலியின் மேல் யாரோ ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கூட்டத்துக்கு வந்த நாற்பது பேரும் அதைப் பார்த்தார்கள். எடுக்கத்தான் ஒருவருக்கும் கை வரவில்லை.

சங்கத் தலைவர் ராதாகிருஷ்ணன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பேய், பிசாசு எல்லாம் சும்மா என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். அவரும் தம் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

ரிங்லெட் என்னும் மலையூருக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மரண சகாய சங்கம் அது. மாதம் ஐந்து வெள்ளி சந்தா. வீட்டில் சாவு விழுந்தால் இரண்டாயிரம் வெள்ளி அன்றைக்கே கையில். ஐந்து ஆண்டுகளில் மூன்று பொருளாளர்கள், பதவியில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

மூவரின் படமும் சுவரில் மாட்டியிருந்தது. கடைசிப் படத்தில் சாம்பசிவம், காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பியோடு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"நல்லா நடமாடிட்டு இருந்த மனுசன் லா," என்றாள் முன்வரிசையில் இருந்த அம்சவல்லி. "அந்த நாற்காலில உக்காந்தாரு, எட்டே மாசத்துல எலும்பும் தோலுமா ஆயிட்டாரு. என்ன வியாதின்னு அவரு வீட்டுல வாயே தொறக்கல."

"நாற்காலிய மாத்திடுங்க சார்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ரெண்டு தடவ மாத்தியாச்சு," என்றார் ராதாகிருஷ்ணன்.

மூடுபனி இறங்கி, சன்னலுக்கு அந்தப் பக்கம் தேயிலைச் சரிவே தெரியவில்லை. மணி மூன்றுக்கே விளக்கைப் போட வேண்டியிருந்தது. அவர் எழுந்து கணக்கு வாசித்தார். கையிருப்பு பதினோராயிரத்து நானூறு வெள்ளி.

லோரி ஓட்டும் கிஷன் உடனே கேட்டான். "போன வருசம் இருபதாயிரம் இருந்துச்சே சார்?"

"சாம்பசிவம் வீட்டுக்குப் பத்தாயிரம் குடுத்தோம்பா. பொறுப்புல இருக்கறவங்க சம்பளம் வாங்காம உழைக்கிறாங்க, அதனால பதவியில இருக்கறப்ப போனா பத்தாயிரம். சங்கம் ஆரம்பிச்சப்பவே எழுதி வச்ச விதி."

"அத மொதல்ல மாத்துங்க சார். இப்படியே போனா சங்கம் முழுகிடும்."

"மாத்தலாம். முன்னாடியே நோட்டீஸ் குடுக்கணும், அடுத்த மார்ச்சு கூட்டத்துலதான் முடியும். இப்போ பொருளாளர் வேணும். இன்னைக்குப் பேர் எழுதி அனுப்பலன்னா பதிவிலாகா சங்கத்த ரத்து பண்ணிடும், பேங்குல இருக்கற காசையும் தொட முடியாது. நாளைக்கு நம்ம லயத்து வீடுகள்ல ஒரு சாவு விழுந்தா பெட்டி வாங்க யாருகிட்ட கையேந்தறது?"

சங்கத்துக்காக உயிரையும் கொடுப்பேன் என்று போன தீபாவளி விருந்தில் முழங்கியவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். கிஷன் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டான்.

"நான் நிக்கிறேன் சார்."

கடைசி வரிசையில் பிரேமலா எழுந்து நின்றாள். தொழிற்சாலையில் தேயிலைத் தூள் பிரிப்பவள், புருசன் இல்லாமல் இரண்டு பெண்களை வளர்ப்பவள். இதற்குமுன் ஒரு கூட்டத்துக்கும் வந்தவள் இல்லை. சாம்பசிவமும் இப்படித்தான் யாரும் கேட்காமலே எழுந்து நின்றார் என்பது ராதாகிருஷ்ணனுக்கு நினைவு வந்தது. அந்த நினைவு அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் குளிருக்குப் பாதிப் பேர் போட்டிருந்த மாதிரி அவளும் கம்பளித் தொப்பி போட்டிருந்தாள். அதை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சன்னல் ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நாற்பது கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. ஐந்தே நிமிடத்தில் மண்டபம் காலியானது. சுடச்சுட வந்திருந்த மீஹூன் சேமியாவைக்கூட ஒருவரும் தொடவில்லை.

ராதாகிருஷ்ணன் சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் அவளிடம் நீட்டினார். ஒரு பாவத்தைச் செய்கிறோம் என்றே அவருக்குத் தோன்றியது.

"ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சிருக்க. உனக்கு எதுக்குமா இந்த வேல? இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல, வேணாம்னு சொல்லிடு."

"இருக்கட்டும் சார். பாக்கி சந்தா எவ்ளோ நிக்குது?"

"ஆறாயிரத்துக்கு மேல."

"வீடு வீடாப் போயி வாங்கிடறேன். என்னால சங்கத்துக்கு நஷ்டம் வரக்கூடாது." அவள் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"உனக்குப் பயமாவே இல்லையா?"

"என்னைய நிக்கச் சொன்னதே சாம்பசிவம் அண்ணன்தான் சார்."

அவர் சுவரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். தொப்பியோடு சாம்பசிவமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க… எங்க வந்து சொன்னாரு?"

பிரேமலா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். தலையில் ஒரு முடிகூட இல்லை.

"ஈப்போ ஆஸ்பத்திரி கேன்சர் வார்டுல சார், பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு."