ஆளுக்கொரு பக்கம்

"புருஷன் பொண்டாட்டியைப் பிரிச்சு உட்கார வெக்கிறதுதான் உங்க ஊர் மரியாதையா?" முதுகில் மூட்டையோடு படகில் நின்றபடி கணவன் கொதித்தான். "அந்த ஜோடி மட்டும் ஒண்ணா உட்கார்ந்திருக்கே!"

"அவங்ககிட்ட மூட்டை இல்ல சார். உங்க மூட்டை ஒவ்வொண்ணும் ஒரு ஆள் கனம். ரெண்டும் ஒரே பக்கம் ஏறினா படகு சாயும், தண்ணி உள்ள வரும்" என்றார் படகுக்காரர்.

முணுமுணுத்தபடி எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்த கணவன், அலை எப்படி உண்டாகிறது என்று பக்கத்திலிருந்தவருக்குக் கரை சேரும்வரை விளக்கினான்.

அடுத்த தீவில் இறங்கியதும் மனைவி பின்தங்கி, படகுக்காரரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நான் கேட்டபடியே பிரிச்சு உட்கார வெச்சீங்க, நன்றிண்ணே. மூணு தீவா அலை, காத்து, உப்புன்னு விளக்கியே என்னை அறுத்துட்டாரு. இன்னிக்குத்தான் நான் கடலையே பார்த்தேன்!"