இடம் பிடித்தவள்

ஆள் போய்விட்டதாகக் கண்டக்டர் வந்து சொன்னார்.

பெரியாஸ்பத்திரி வாசலில் நின்றவர்களிடையே உடனே ஆரம்பித்துவிட்டது பஞ்சாயத்து.

யார் மேல் தப்பு?

அவள் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிர் பெஞ்சில், ஏட்டையாவுக்குப் பக்கத்தில், அவள் புருஷன் தவசி. கட்டிய நாளிலிருந்து அவளை ஒரு அடி அடித்ததில்லை அவன். இன்றைக்கு ஒரே ஒரு தள்ளுதான். பஸ் படியில் மல்லாக்க விழுந்த மனிதர் எழுந்திருக்கவேயில்லை.

"கண்டக்டர் விலக்கி விட்டிருக்கணும்" என்றார் கூடவே வந்த பட்டுவேட்டிக்காரர். கல்யாணத்துக்குக் கிளம்பி, கல்யாணத்தையும் விட்டுவிட்டு, ஒரு கை பார்க்க வந்திருக்கிறார்.

"நல்லாருக்குங்க நியாயம்! நான் டிக்கெட் குடுப்பனா, மல்லுக்கட்டுறவனை விலக்குவனா?"

"அட, செத்தவர் மேலதான்யா தப்பு. துண்டு கெடக்குற சீட்டுல வந்து உட்கார்ந்துக்கிட்டு, முந்தியே கைக்குட்டை போட்டிருந்தேன்னு கூசாமச் சொன்னாரே. எங்க கைக்குட்டை? யார் கண்ணுலயாச்சும் பட்டுச்சா?" என்றார் பஸ்ஸில் வந்த இன்னொருவர்.

யார் கண்ணிலும் படவில்லை.

"பொய் சொன்னாருய்யா. அதான் கோவம் வந்துருச்சு" என்றான் தவசி. இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். வேறு பேச்சே அவனிடம் இல்லை.

"எல்லாரும் இப்படியே சொன்னா உனக்கு நல்லதுதான்" என்றார் ஏட்டையா.

காலையில் நடந்தது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

முகூர்த்த நாள். பஸ் வந்து நின்றதும் நிற்காததுமாகச் சனம் ஜன்னலை மொய்த்தது. துண்டு, பை, செருப்பு, கையில் அகப்பட்டதையெல்லாம் உள்ளே போட்டது. அவளும் முண்டியடித்துக்கொண்டு எக்கினாள்.

ஜன்னலோரச் சீட்டில் ஒரு கைக்குட்டை கிடந்தது. மடிப்புக்கூடக் கலையாமல்.

பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான், கையை உள்ளே விட்டு அதைக் கீழே தள்ளினாள். தவசியின் துண்டை விரித்துப் போட்டாள்.

ஊரில் நடக்காததா? அவள் போட்ட துண்டை எத்தனை பேர் தள்ளியிருக்கிறார்கள்! முழங்கால் வலியோடு மனுஷன் ஊர் வரைக்கும் நிற்க வேண்டாமே என்ற நினைப்பு. பாழாய்ப்போன நினைப்பு.

அந்த மனிதர் சண்டைக்கா வந்தார்? "கைக்குட்டை போட்டிருந்தேங்க" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். தவசி திரும்பி அவளைப் பார்த்தான். விட்டுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"பொய் சொல்றாருங்க. எந்திரிக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவள் சொன்னால் அவனுக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது. எழுப்பி, படிப்பக்கம் இழுத்து, பஸ்ஸே கேட்கிற மாதிரி "பொய்யா சொல்ற?" என்றான். அதுவரை பொறுமையாக இருந்த மனிதர் அந்தச் சொல்லுக்குத்தான் அவன் சட்டையைப் பிடித்தார்.

ஆட்டோ ஒன்று வந்து நின்றது. இறங்கி ஓடி வந்தது இறந்தவரின் மகள். அழுத அழுகையில் கண்டக்டரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பட்டுவேட்டிக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "என்னம்மா பண்றது, உங்கப்பா மேலயும் தப்பு இருக்கு. ஒரு சீட்டுக்காகப் பொய் சொல்லிட்டாரு" என்றார், ஆறுதல் மாதிரி.

அந்தப் பெண்ணின் அழுகை நின்றுபோனது.

"எங்கப்பாவா?"

ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை.

சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். தவசியைப் பார்த்தால் வாய் வராது. பார்க்காமலே அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றாள்.

"கைக்குட்டை இருந்துச்சு தாயி. நான்தான் தள்ளிவிட்டேன். உங்கப்பா பொய் சொல்லல."

அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்திருந்தால் தேவலை. அந்தப் பெண் அடிக்கவில்லை.

பெஞ்சிலிருந்து தவசியின் குரல் வந்தது.

"நெசமாவா, அந்த ஆளு பொய் சொல்லலையா?"

சொல்லவில்லை என்று அவள் தலையசைத்தாள்.

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினான்.