இரண்டாவது சுற்று

மனைவிக்குத் தலை பெரிதாகிவிட்டது.

பானையைக் கழற்றினார். கொஞ்சம் சின்னதாக ஒரு மண்சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். இப்போது பரவாயில்லை. சட்டிக்குக் கறுப்பு ஷூ பாலிஷ் போட்டார். விமானப்படையில் முப்பது வருடம் ஷூ தேய்த்த கை. எண்ணெய் வைத்துப் படிய வாரியதுபோல் வந்தது.

பிள்ளைகளுக்குத் தேங்காய் போதும்.

மேல்மாடி எடுப்பதற்காக வீடு கட்டும்போதே விட்டுவைத்த கம்பி ஒன்றில் மனைவியைக் கட்டியிருந்தார். பிள்ளைகள் இருவரும் மணல் வாளியில் நட்ட கழிகள். உடம்புக்குள் பனியன் கம்பெனி வேஸ்ட் துணி. பல்லடத்தில் அது எங்கும் கிடைக்கும்.

புடவை புதிது. வீட்டம்மாவுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று கடையில் கேட்டார்கள்.

யோசிக்காமல் சொன்னார். மாம்பழ மஞ்சள்.

பக்கத்து மாடியில் மிளகாய் காயப்போட வந்த துளசிமணி நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, திருஷ்டி பொம்மைங்களா?"

"ஆமாங்க."

"ஒண்ணு வெச்சா பத்தாதுங்களா? மூணு எதுக்குங்க?"

"குடும்பமா இருக்கட்டுமுங்க."

அதில் அவளுக்குத் தப்பேதும் தெரியவில்லை. மிளகாயைப் பரப்பினாள்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் விமானம் வந்துவிடும்.

அவர் இருந்தது வேவு விமானப் பிரிவில். விமானம் மேலிருந்து படம் எடுத்து வரும். இவர் அதன்மேல் லென்ஸை வைத்து, எது என்ன என்று சொல்வார். அந்தப் பிரிவில் ஓய்வு பெறுகிறவருக்குச் சால்வை கிடையாது. அவருடைய ஊர்ப்பக்கம் பயிற்சிக்குப் போகும் விமானம் அவர் வீட்டைப் படம் எடுக்கும். குடும்பம் மாடியில் நிற்க வேண்டும். அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுப்பார்கள். காலமெல்லாம் அடுத்தவன் வீட்டையே பார்த்தவன், போகும்போதாவது தன் வீட்டைப் பார்க்கட்டும் என்று.

வெள்ளிக்கிழமை விழா. எல்லோர் முன்னாலும் படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டுவார்கள்.

குடும்பம் இல்லை என்பதுதான் சிக்கல்.

வடக்கே போன புதிதில், குடும்பம் இருக்கிறதா என்று கேன்டீனில் யாரோ கேட்டார்கள். இருக்கிறது என்றார். சும்மா. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

முதலில் மனைவி மட்டும்தான் பொய். அவளுக்குத் துணை வேண்டுமே என்று பிள்ளைகள் பிறந்தன. மகள் பிறந்ததற்கு எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். மகனுக்கு அம்மை போட்டிருந்தபோது இவர் சவரம் செய்துகொள்ளவில்லை. குடும்பஸ்தர் என்று தீபாவளிக்கு முதல் ஆளாக விடுப்பு கொடுத்து அனுப்பினார்கள். இந்த மாடிக்கு வந்து, ஒற்றைப் பாயில் படுத்து, ஊர் வெடிப்பதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

தென்னை மறைக்கும், படம் சரியாக விழாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். விமானத்தில் கேமரா பார்க்கும் செல்வின் விடவில்லை. திசையன்விளைக்காரன்.

"நாம பாக்காத தென்னையா அண்ணாச்சி? மதினிய பளிச்சுனு ஒரு சேல கட்டி நிக்கச் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

இன்னொரு சிக்கலும் இருந்தது. விமானம் இரண்டு சுற்று வரும்.

அது பிரிவின் வரலாறு. ஆரம்ப காலத்தில் ஒரு போர். எதிரியின் விமானங்கள் வரிசையாக நிற்கின்றன என்று படம் எடுத்து வந்தார்கள். போய்க் குண்டு போட்டார்கள். அத்தனையும் மூங்கிலும் சாக்கும். விறகு உடைத்துக் கொடுத்ததற்கு எதிரியின் வானொலி நன்றி சொன்னது. அன்றிலிருந்து எதுவானாலும் இரண்டு சுற்று. கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உயிருள்ளது நகர்ந்திருக்கும். பொம்மை அங்கேயே நிற்கும்.

பிரிவிலேயே அதிகப் பொம்மைகளைப் பிடித்தவர் இவர்தான். கேடயம்கூடக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே, முதல் சுற்று முடிந்ததும் மகளை அம்மா பக்கம் நகர்த்த வேண்டும். மகனைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக. மனைவியைச் சும்மா அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். ஏதோ கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சத்தம் கேட்டது.

மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கொஞ்சம் தயங்கி, தோளில் கை போட்டார்.

விமானம் தாழ்ந்து வந்தது. அதன் நிழல் மாடி மேல் ஓடியது. முந்தானை பறந்தது. அவர் அண்ணாந்து கையாட்டினார். துளசிமணியும் மிளகாய்க் கையோடு ஆட்டினாள்.

வேறு யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

மகளை நகர்த்தினார். மகனை நகர்த்தினார். மனைவியைத் திருப்பினார்.

சட்டி கழன்று விழுந்து உடைந்தது.

கீழே வைத்துவிட்டு வந்த பானையை ஓடி எடுத்துவர நேரமில்லை. விமானம் தூரத்தில் சாய்ந்து திரும்பத் தொடங்கியிருந்தது. தலை இல்லாத தோளில் மறுபடி கையைப் போட்டுக்கொண்டார். வேறென்ன செய்வது.

விமானம் பாதி திரும்பியது.

பிறகு நிமிர்ந்தது.

இறக்கைகளை இப்படியும் அப்படியும் ஒருமுறை ஆட்டியது. அப்படியே போய்விட்டது.

அவர் காத்திருந்தார். கை வலித்தது. எடுக்கவில்லை. துளசிமணி மிளகாயைத் துழாவிவிட்டு இறங்கிப் போனாள்.

பிரிவின் வரலாற்றில் இப்படி நடந்ததே இல்லை.

சாயங்காலம் செல்வின் போன் செய்தான்.

"படம் அருமையா விழுந்திருக்கு அண்ணாச்சி. மதினி ஆடாம அசையாம நின்னாங்க."

இவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"ரெண்டாவது சுத்துக்கு பிலிம் தீந்துட்டு. தப்பா நெனைக்காதீங்க."

"பரவால்ல செல்வின்."

"பிள்ளையள நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

மாடிக்குப் போய்ச் சொன்னார்.