வெடித்த ஹோஸ்

கொட்டாஞ்சேனையில் ஹைட்ரோலிக் சாமான் கடையொன்றில், மெசின்களுக்கு எண்ணெய் போகும் ஹோஸ் குழாய்கள் செய்து கொடுக்கும் ஷெல்டனுக்கு வேலை போய்விடும் போல இருந்தது. வத்தளைத் தொழிற்சாலை ஒன்றின் கிளார்க் யூஜினா, கிழமைக்குக் கிழமை வந்து நின்றாள்.

“பிறஸ் மெசின்ட ஹோஸ் திரும்பவும் வெடிச்சிட்டுது.”

அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“இன்னொருக்கா வெடிச்சா நீ வீட்ட போகலாம்,” என்று முதலாளி அவனிடம் கத்தினார்.

தன் வேலையில் என்ன பிழை என்று தெரியாமல் ஷெல்டனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. மெசினையே பார்த்துவிடுவோமென்று பஸ் ஏறி வத்தளைக்குப் போனான்.

“பிறஸ் மெசினா?” என்றார் போர்மன் கிருஷ்ணராஜ். “அதைப் போன நத்தார் பண்டிகைக்கு முந்தியே வித்தாச்சே தம்பி!”

ஷெல்டன் நேரே யூஜினாவிடம் போனான். அவளுடைய மேசைக்கடியில், அவன் செய்து கொடுத்த ஹோஸ்கள் அத்தனையும் புத்தம்புதிதாகச் சுருண்டு கிடந்தன.

“ஒண்டுமே வெடிக்கேல்லையே மிஸ்! பிறகேன் வாங்கினீங்க?”

அவள் முகம் சிவந்துவிட்டது.

“எல்லாம் என்ட சம்பளத்திலதான் வாங்கினனான். உங்களைப் பார்க்க வாறதுக்கு வேற என்ன சாட்டுச் சொல்றது?”

ஷெல்டனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“நாளைக்குச் சும்மா வாங்க,” என்றான்.