எல்லாக் கைகளும்

கடைசி பெஞ்சில் மதிப்பீட்டுத் தாளோடு பயிற்சி அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். டீச்சர் கேள்வி கேட்டதும் நாற்பது கைகளும் ஒன்றாக உயர்கின்றன. நேற்றே சொல்லிவைத்த ஏற்பாடு இது: விடை தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை, டீச்சர் வலது கைகளை மட்டும்தான் கூப்பிடுவார். ஜன்னலோர வெயிலில், வகுப்பில் மக்கு என்று பேர் வாங்கிய சிறுமியின் வலது கை விறைத்து நிற்கிறது. பாவம், கை மாறிப்போச்சு என்று நினைத்து டீச்சர் பக்கத்துப் பையனைக் கூப்பிடுகிறார். அவன் வாய் திறக்குமுன்பே சிறுமியின் உதடுகள் விடையை முணுமுணுக்கின்றன. “எனக்கும் தெரியும் டீச்சர்.” “சரி சரி, கைய எறக்கு.” அதிகாரியின் பேனா கட்டத்துக்குள் டிக் அடிக்கிறது. “எல்லாப் பிள்ளைங்களும் கை தூக்குறாங்க. போன தடவைக்கு நல்ல முன்னேற்றம், டீச்சர்.” அடுத்த கேள்வி முடியுமுன்பே சிறுமியின் இடது கை உயர்ந்து நிற்கிறது.